விலை கூடினதா, கூட்டினதா?

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில இங்கிலீஷ் படிப்பிக்கிற ஆள், இண்டைக்கு ஒரேயொரு சொல்லைப் பற்றித்தான் கதைக்கப் போறன், இன்கிரீஸ்.

காலமை மார்க்கெட்டுக்குப் போனா பாரை மீன் விலை கூடிட்டு எண்டுவம், பஸ் காசைப் பற்றிக் கதைக்கேக்க கூட்டிட்டாங்கள் எண்டுவம். கூடுறது தானா நடக்கும், கூட்டுறதுக்கு ஆரும் ஒரு ஆள் வேணும். இந்த வித்தியாசம் நம்மட சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனா இங்கிலீஷில ரெண்டுக்கும் இன்கிரீஸ்தான், அதால பிள்ளைகள் குழம்பி, மழைக்குக் குளத்துத் தண்ணி கூடினதையும் 'வாஸ் இன்கிரீஸ்ட்' எண்டு எழுதிப்போடுதுகள். அங்க 'வாஸ்' வேண்டாம் பிள்ளையள், போட்டா ஆரோ தண்ணி திறந்துவிட்ட கருத்து வந்திடும்.

எனக்குக் கூடுதலான கவலை, இன்கிரீஸுக்குப் பின்னால வாற 'பை' (by), 'டு' (to) எண்ட சின்னச் சொல்லுகள்தான். 40,000 சம்பளம் 'பை 5,000' கூடினா கையில 45,000, அதையே 'டு' போட்டா 'டு 45,000' எண்டு எழுதோணும். நல்லாப் படிக்கிற பிள்ளை ஒண்டு 'டு 5,000' எண்டு எழுதினதைப் பார்த்து மனசு கேக்கேல்ல, ஏனெண்டா விடை நம்மட பேப்பரிலேயே கிடக்கு, 'விலை 20 ரூபாவால் அதிகரிப்பு' எண்டு போடுறாங்களே, அந்த 'ஆல்'தான் பை. 20 ரூபாவாகக் கூடினா அது டு. உச்சரிப்பையும் சொல்லிடுறன், பெயர்ச்சொல்லா வந்தா முதல் அசையில அழுத்தம், வினையா வந்தா ரெண்டாவதுல.

சரி, சொல்லு எங்க இருந்து வந்தது? லத்தீன்ல 'கிரெஸ்கெரே' எண்டா வளர்றது, முன்னால 'இன்' சேர்ந்து, பழைய பிரெஞ்சு வழியா 14ஆம் நூற்றாண்டில இங்கிலீஷுக்குள்ள வந்தது. அதே வேர்ல இருந்துதான் கிரெசன்ட், கருத்துப் பார்த்தா வளருறது எண்டுதான் வருது, நிலாவெளிக் கடற்கரையில நிண்டு நாங்க வளர்பிறை எண்டு பார்க்கிறமே அதுதான், ரெண்டு பாசைக்காரருக்கும் ஒரே நினைப்பு வந்திருக்கு பாருங்கோ, எனக்கு இதைச் சொல்லேக்க எல்லாம் ஒரு சந்தோசம். இப்ப அவங்கள் தேய்பிறைக் கீற்றையும் கிரெசன்ட் எண்டுதான் சொல்லுறாங்கள். கொங்கிரீட்டும் இந்தக் குடும்பம்தான், சேர்ந்து வளர்ந்து இறுகினது எண்டு கருத்து.

இன்னொண்டு, நம்மட துறைமுகத்தில கப்பல் வந்தா க்ரூ இறங்கினம் எண்டு சொல்லுவினம். அந்த க்ரூவும் இதே வேர்தான், முதல்ல படைக்கு உதவியாக் கூடுதலா அனுப்பின ஆக்களைத்தான் அப்பிடிச் சொன்னவங்கள், பிறகுதான் கப்பல் ஆக்களுக்கு வந்தது. நம்மட கூடு எண்ட சொல்லில இருந்து கூட்டம் வந்த மாதிரியே.