வரைந்த வீடும் கட்டிய வீடும்

அனைவருக்கும் வணக்கம்.

கார்ட்டூன் படங்களை நடிகர்களை வைத்துத் திரும்ப எடுக்கிறார்களே, அது தேவையா என்று திட்டப் போகிறேன் என நினைத்து வந்தவர்கள் கொஞ்சம் ஏமாறலாம். காசு வரும்வரை ஸ்டூடியோக்கள் எடுக்கத்தான் செய்யும். அப்படி எடுக்கும்போது ஒரு மக்களின் பண்பாடு என்ன பாடுபடுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு வீட்டிலிருந்து தொடங்கலாம். அப்பாவுக்குப் பதிலாக ஆண் வேடமிட்டுப் போருக்குப் போகும் சீனப் பெண்ணின் கதை ‘மூலான்’. டிஸ்னி நடிகர்களை வைத்து 2020இல் எடுத்த படத்தில் நாயகியின் குடும்பம் வட்டமான ஒரு பெரிய மண் கட்டடத்தில் வாழ்கிறது. துலோ என்று பெயர். தென்கிழக்குச் சீனாவில் ஃபூஜியன் மலைப்பகுதிக்கு உரியது. யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் துலோக்கள் 15ஆம் நூற்றாண்டு தொடங்கிக் கட்டப்பட்டவை. மூலான் கதைப்பாடலோ 386 முதல் 534 வரை வட சீனாவை ஆண்ட வடக்கு வெய் அரசோடு சேர்த்துப் பேசப்படுவது. திசையும் தப்பு, காலமும் ஏறக்குறைய ஆயிரம் வருஷம் தப்பு.

சரி, 1998இல் வந்த கார்ட்டூன் மட்டும் ஒழுங்கா? அதிலும் அரண்மனை பெய்ஜிங்கின் விலக்கப்பட்ட நகரத்தைப் போல இருக்கும். அதுவும் 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம்தான். கூடவே வாயாடிக் குட்டி டிராகன் வேறு. ஆனால் கோட்டுச் சித்திரம் முதல் காட்சியிலேயே ‘இது கற்பனை’ என்று சொல்லிவிடுகிறது. நிஜ மரம், நிஜப் பட்டு, நிஜ முகம் என்று வந்துவிட்டால் படம் வேறொன்று சொல்கிறது: ‘அங்கே இப்படித்தான் இருந்தது’ என்கிறது. புதிய படம் டிராகனை நீக்கியது, கதாபாத்திரங்கள் பாடுவதையும் நிறுத்தியது. விளையாட்டில்லை, இது வரலாற்றுக் காவியம் என்ற தோரணை அது. தோரணை ஏறினால் பொறுப்பும் ஏறும்.

இதே வேறுபாடு திரைக்கு வெளியிலும் ஒருமுறை வெடித்தது. 2016இல் பசிஃபிக் தீவுக் கதையான ‘மோவானா’ கார்ட்டூன் வருவதற்குச் சுமார் இரண்டு மாதம் முன்பு, அதில் வரும் மாவி என்ற தேவ வீரனின் பழுப்புத் தோலையும் பச்சைகுத்தலையும் அப்படியே தைத்துக் குழந்தைகளுக்கான உடையாக டிஸ்னி விற்றது. பசிஃபிக் தீவு மக்கள் கொதித்தார்கள். இன்னொரு மக்களின் தோலைக் குழந்தைக்கு மாட்டிவிடுவதா என்று கேட்டார்கள். டிஸ்னி உடையைத் திரும்பப் பெற்றது. திரையில் வரைந்த மாவியின் உருவத்தையும் சிலர் குறை சொன்னார்கள்தான். ஆனால் அதே தோல் துணியாகக் கைக்கு வந்தபோது எழுந்த கோபம் வேறு மாதிரியானது.

அப்படியானால் எல்லாவற்றிலும் அசலைத் தேடிப் பிடித்தால் போதுமா? இங்கேதான் அலாவுதீன் நம் காலை வாருகிறான். கார்ட்டூனை நடிகர்களை வைத்து எடுத்த 2019 படத்தில் இளவரசியாக நடித்த நவோமி ஸ்காட்டின் தாய் குஜராத்தி வம்சாவளி. அரபு நடிகை கிடைக்கவில்லையா என்று சண்டை. கதையின் பூர்வீகத்தைத் தோண்டினால் சண்டையே குழம்பிவிடுகிறது. சிரியாவின் அலெப்போ நகரத்துக் கதைசொல்லி ஹன்னா தியாப் 1709இல் பாரிஸில் சொன்ன கதையைக் கேட்டு, ‘ஆயிரத்தொரு இரவுகள்’ நூலை மொழிபெயர்த்த அந்துவான் கலான் பிரெஞ்சில் எழுதினார். அந்தக் கதையில் அலாவுதீன் ஊர் சீனாவில் இருக்கிறது! இதில் எதை அசல் என்று எடுத்துக்கொள்வது?

பிறப்புச் சான்றிதழ் இங்கே உதவாது. வேறு ஒன்றைக் கேட்கலாம்: இந்தப் படம் யாரைக் கேவலப்படுத்துகிறது? 1992இல் வந்த அலாவுதீன் கார்ட்டூனின் தொடக்கப் பாட்டில், முகம் பிடிக்காவிட்டால் காதை அறுக்கும் தேசம் என்று ஒரு வரி இருந்தது. அமெரிக்க அரபு அமைப்பு எதிர்த்ததால் 1993இல் வீடியோவில் அதை மாற்றினார்கள். அந்த நாட்டைக் காட்டுமிராண்டித்தனம் என்ற அடுத்த வரியை விட்டுவிட்டார்கள். அது மாற 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரீமேக்கினால் ஒரு நல்லதும் நடந்திருக்கிறது, சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு கேள்வி எனக்கு இதைவிட முக்கியம். பாத்திரங்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள்? பழைய கதைப்பாடலில் மூலான் தறியின் முன் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறாள். படைக்கு ஆள் சேர்க்கும் ஓலையில் அப்பாவின் பெயர் இருக்கிறது. அவருக்கு வளர்ந்த மகன் இல்லை. சந்தையில் குதிரையும் சேணமும் வாங்கிக் கிளம்புகிறாள். பன்னிரண்டு ஆண்டுகள் உடன் இருந்த வீரர்களுக்கே அவள் பெண் என்று தெரியாது. பேரரசர் பதவி தர, வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன் என்கிறாள். அதிசய சக்தி எதுவும் இல்லை. 2020 படத்தில் அவள் பிறவியிலேயே அபூர்வ ஆற்றல் கொண்டவள், ஏறக்குறைய சூப்பர் ஹீரோ. 1998 கார்ட்டூனிலோ பயிற்சிக் கம்பத்தில் ஏற முடியாமல் விழுந்து விழுந்து, விடியும் நேரத்தில் உச்சியைத் தொடுவாள். டிராகனும் தப்பான அரண்மனையும் இருந்தும், அந்தச் சாதாரணப் பெண்ணுக்கு கார்ட்டூன்தான் நெருக்கம் என்பேன்.

பெற்றோரை இழந்த ஹவாய்ச் சகோதரிகளின் கதையான ‘லிலோ அண்ட் ஸ்டிட்ச்’, 2025 ரீமேக்கில் இன்னும் சிக்கல். ஹவாயில் படமாக்கினார்கள், எழுதியவர்களில் ஒருவர் ஹவாய் பூர்வகுடி. முடிவில் அக்கா நானி, தங்கையைப் பக்கத்து வீட்டுப் பாட்டியின் பொறுப்பில் விட்டுவிட்டு அமெரிக்கப் பெருநிலத்துக்குப் படிக்கப் போகிறாள். 2002 கார்ட்டூனில் அரசாங்கம் தங்கையைப் பிரித்துவிடக் கூடாது என்று போராடியவள் இவள்தான். 1893இல் அமெரிக்கர்களின் துணையோடு ஆட்சி கவிழ்க்கப்பட்ட தீவு மக்களுக்கு இந்த முடிவு கசக்காமல் இருக்குமா? அதே சமயம், பிள்ளையை உறவினரோ நெருங்கியவரோ வளர்ப்பது ஹவாயின் பழைய வழக்கம்தானே என்று சொன்னவர்களும் உண்டு. நான் முதல் பக்கம்தான். ஆனாலும் இந்தச் சண்டை எனக்குப் பிடித்திருந்தது. உடையைப் பற்றியோ தோல் நிறத்தைப் பற்றியோ மட்டும் நிற்காமல், ஒரு குடும்பம் எப்படி முடிவெடுக்கும் என்பதைப் பற்றிப் பேசினார்கள்.

ஜப்பானிய அனிமே பக்கம் நான் போகவே இல்லை, ‘கோஸ்ட் இன் த ஷெல்’ பற்றி யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். அந்த 1995 அனிமேயின் இயக்குநர் மமோரு ஓஷீ, 2017 ஹாலிவுட் ரீமேக்கில் ஜப்பானிய நாயகியாக வெள்ளைக்கார நடிகை ஸ்கார்லெட் ஜோஹான்சன் நடித்ததில் தவறில்லை என்றார். ஆசிய அமெரிக்க நடிகர்கள் எதிர்த்தார்கள். வாய்ப்பு பறிபோனது அவர்களுக்குத்தானே. மீதியைக் கேள்வி நேரத்தில் பேசலாம், முதலில் கை தூக்கியவர் கேளுங்கள்.