ஸ்டோன்ஹவுஸ் ஏற்றத்தில் ஒரு கல்லூரி

வணக்கம். குன்னூர் பஸ்ஸில் வந்து ஊட்டி சேரிங் கிராஸில் இறங்கினேன். இப்போது ஸ்டோன்ஹவுஸ் ஏற்றத்தில் நடந்துகொண்டே பேசுகிறேன். காற்று பலமாக அடிக்கிறது; குரல் சரியாகக் கேட்காவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஆண்டுகள் இந்த ஏற்றத்தில் தினமும் ஏறியிருக்கிறேன். உதகை அரசு கலைக் கல்லூரி. ஊட்டி பற்றிய காணொலிகளில் பொம்மை ரயிலும் ஏரியும் ரோஜாத் தோட்டமும் வரும், இந்தக் கல்லூரி வராது. எனக்கு அது நெடுநாள் குறை.

அதோ தெரிகிறதே, அந்தப் பழைய கட்டடம்தான் ஸ்டோன் ஹவுஸ். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கியது. ஊட்டியின் முதல் பங்களா. மலைமக்கள் அதைக் ‘கல் பங்களா’ என்றார்கள். அதற்கான நிலத்தைத் தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் என்று வாங்கியதாக வரலாறு சொல்கிறது. 1955இல் கல்லூரி வந்தது. ஒரு ரூபாய்க்குக் கைமாறிய அந்த மண்ணில் இன்று தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் வீட்டுப் பிள்ளைகள் வருகைப்பதிவுக்குக் கை தூக்குகிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

என் தாத்தா இலங்கையிலிருந்து வந்தவர். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அரசு 1968இல் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அம்மா அங்கே கொழுந்து பறித்தார். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்தால் செடி கருகும், கொழுந்து குறையும், கையில் காசும் குறையும்.

பிளஸ் டூ முடித்ததும் கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் விசாரித்தோம். கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அம்மா அந்தத் தாளை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். மேட்டுப்பாளையம் வழியாகத் திரும்பி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை, “ஊட்டியிலேயே ஒண்ணு இருக்குதுல்ல? சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்ல?” என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். இந்தக் கல்லூரி மலைக்குச் செய்த நன்மையெல்லாம் எனக்கு இந்த ஒரு வரியில் இருக்கிறது. பெண்ணை எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி விடுதியில் விடத் தயங்கும் வீடு, பஸ் ஏறிப் போய்வரச் சம்மதித்துவிடும். என் வகுப்பில் பாதிப் பேரை அனுப்பிவைத்தது இந்தச் சம்மதம்தான். பெரிய கல்லூரிகளின் தரவரிசையைப் பேசுகிறவர்கள் இந்தத் தூரக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்கு இப்போது இன்னும் இளகியிருக்கிறது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ் பயணம் 2024இல் மலைப்பகுதிக்கும் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். ஆயிரம் ரூபாய் என்ன பெரிய தொகை என்று கேட்பவர்கள், மாதக் கடைசியில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடு ஒன்றில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கல்லூரியும் வளர்ந்திருக்கிறது. பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் முனைவர் பட்டம் வரை ஆய்வு நடக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது வனவிலங்கு உயிரியல் துறை. முதுமலைக் காடு பக்கத்திலேயே இருக்கிறது. யானை எந்தத் தடத்தில் வரும், கழுகு எந்த மரத்தில் கூடு கட்டும் என்று சிறு வயதிலிருந்தே கண்ட பிள்ளைகள், அந்த அறிவை ஆய்வாக எழுதக் கற்கிற இடம் அது. அந்தத் துறைக்கு இந்த மலையைவிடப் பொருத்தமான ஊர் எது?

கவலையும் உண்டு. கூடலூர், பந்தலூர் பக்கத்தில் தோட்டங்களுக்கு உள்ளே இருக்கும் பனியர், காட்டுநாயக்கர் பழங்குடி ஊர்களிலிருந்து ஊட்டிக்குத் தினமும் வந்துபோக முடியாது. கூடலூரிலும் அரசுக் கல்லூரி இருக்கிறது; ஆனால் ஊருக்குப் பஸ் வந்தால்தானே அங்கேயும் போய்ச் சேர முடியும்? மழைக்காலத்தில் ஒரு மண்சரிவு போதும், ஒரு வாரம் வகுப்பு போய்விடும். மாலை வகுப்பு விடும் நேரத்துக்கு ஒரு பஸ், பழங்குடி மாணவிகளுக்கு இன்னும் விடுதி இடங்கள். இவ்விரண்டையும் நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

வாசலுக்கு வந்துவிட்டேன். உள்ளே அனுமதி வாங்காமல் படம் எடுக்கமாட்டேன், இங்கேயே நிறுத்துகிறேன். பிளஸ் டூ முடித்த தம்பி தங்கைகளே, அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் வசதி இல்லையென்றால் கல்லூரியிலேயே உதவி மையம் வைப்பார்கள். சாதிச் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் கையோடு எடுத்துப் போங்கள். குன்னூரிலிருந்து வருகிறவர்கள் சேரிங் கிராஸிலேயே இறங்கிவிடுங்கள்.