சிவப்புக்கு மாங்கனீசு

அவையோருக்கு வணக்கம்.

நாகர்கோவிலில் நின்றுகொண்டு சீரியம், இட்ரியம், யூரோப்பியம் போன்ற அருமண் தனிமங்களைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. மணவாளக்குறிச்சி மணலில் அவற்றின் தாதுவான மோனசைட் இருப்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1909-இல் ஷாம்பர்க் என்கிற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துவிட்டு இந்தக் கடற்கரையைத் தேடி வந்தார். எதற்கு? விளக்குக்கு! வாயு விளக்கில் சூடேறி ஒளிரும் வலைப்பையான மேண்டிலில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. அந்த ஒரு பங்கு இல்லையென்றால் மேண்டில் மங்கலாகத்தான் எரியும்.

எல்இடி பல்பிலும் அதே சீரியம்தான் வேலை செய்கிறது. கெட்டுப்போன பல்பு ஒன்றின் மூடியைக் கழற்றினால் தகட்டில் மஞ்சள் மஞ்சளாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். அடியில் இருப்பது நீல ஒளி தரும் சில்லு. மேலே பூசிய மஞ்சள், சீரியம் கலந்த இட்ரியம் அலுமினியம் கார்னெட் பொடி. நீலத்தில் கொஞ்சம் அப்படியே வெளியே வரும். மீதியைப் பொடி மஞ்சளாக மாற்றும். இரண்டும் சேர்ந்தால் வெள்ளை. 1996-இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது.

இதில் சிவப்பு போதாது. வார்ம் ஒயிட், அதாவது மஞ்சள் சாயலுள்ள இதமான வெள்ளை, வேண்டுமானால் சிவப்புப் பொடி தனியாகச் சேர்க்க வேண்டும். அதற்கு யூரோப்பியம் கலந்த நைட்ரைடு, அதாவது நைட்ரஜன் சேர்மம். சிக்கல் இங்கேதான். பூமியின் மேலோட்டில் சீரியம் ஏறக்குறைய செம்பு அளவுக்கு இருக்கிறது. யூரோப்பியம் அதைவிடப் பல மடங்கு குறைவு. நம்முடைய மோனசைட்டிலும் அது சொற்பம். 2010-11-இல் சீனா ஏற்றுமதியை இறுக்கியபோது அருமண் தனிமங்களின் விலை எங்கோ போனது. 2025 ஏப்ரலில் இட்ரியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களுக்கு மறுபடியும் கட்டுப்பாடு.

அதற்காகப் பதற வேண்டியதில்லை. ஒரு சில்லுக்குத் தேவையான பொடி மில்லிகிராம் கணக்குதான். என் கருத்தில் சீரியம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். மாற்று தேட வேண்டியது சிவப்புக்கு.

அருமண் இல்லாமல் விளக்கு எரியுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் வீட்டுப் பழைய குண்டு டியூப்லைட்டில் அருமண் கிடையாது. ஆன்டிமனியும் மாங்கனீசும் கலந்த கால்சியம் ஹாலோபாஸ்பேட், 1942-இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தது. நிறம்தான் சரியாகத் தெரியாது. அரக்கு நிறப் பட்டுப்புடவையைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்துப் பார்த்துத்தானே வாங்கினோம்!

அதே மாங்கனீசுதான் இப்போது வேறு வேடத்தில் வந்திருக்கிறது. பொட்டாசியம் ஃப்ளோரோசிலிகேட்டில் சிலிக்கான் இருக்கும் இடங்களில் கொஞ்சம் மாங்கனீசை உட்கார வைத்தால், நீல ஒளியை வாங்கி 631 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய மெல்லிய கோடுகளாகச் சிவப்பைத் தருகிறது. ஜெனரல் எலக்ட்ரிக் இதை விற்பனைக்குக் கொண்டுவந்து வருடங்களாகின்றன. யூரோப்பியம் நைட்ரைடின் சிவப்பு அகலமாகப் பரவி, 650-க்கு அப்பாலும் போய்விடும். 650-இல் நம் கண்ணின் கூர்மை உச்சத்தில் பத்தில் ஒரு பங்கு. 630-இல் கால் பங்குக்கு மேல். அதாவது மாங்கனீசுச் சிவப்பில் கண்ணுக்கு எட்டாத ஒளிக்கு மின்சாரம் வீணாவதில்லை. மாற்றாக வந்த சரக்கு அசலை மிஞ்சுவது அடிக்கடி நடக்கிற காரியமா?

ஆனால் இது சாது இல்லை. நைட்ரைடுக்கு 1,600 டிகிரியை ஒட்டிய உலை வேண்டும். இதைச் சாதாரண வெப்பத்திலேயே கரைசலில் செய்துவிடலாம், கரைசல் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் என்பதுதான் வினை. கண்ணாடியைத் தின்னும், தோல் வழியே இறங்கி எலும்பையும் பதம் பார்க்கும். இன்னொன்று ஈரம். காற்றின் ஈரம் பட்டுப்பட்டு மாங்கனீசு ஆக்சைடாகி, பொடி பழுப்பேறும். மாங்கனீசு கலக்காத அதே ஃப்ளோரைடை ஒவ்வொரு துகள் மேலும் மெல்லிய தோலாகப் போர்த்திவிடுவது ஒரு வைத்தியம்.

குவாண்டம் டாட் என்கிற, ஒளிரும் நானோ துகள்களைப் பற்றிக் கேட்பீர்கள். காட்மியம் என்றால் நஞ்சு. இண்டியம் என்றால் அதுவும் கிடைத்தற்கரிய சரக்குதான். செம்பு அயோடைடுச் சேர்மங்கள் மலிவு, நன்றாகவும் ஒளிர்கின்றன. அவற்றில் பல பல்பின் சூட்டைத்தான் தாங்குவதில்லை. வேதியியல் மாணவர்கள் இறங்கிப் பார்க்க வேண்டிய இடம் அந்தச் சூடும் இந்த ஈரமும். ஃப்ளோரைடு பக்கம் போகிறவர்கள் அந்த அமிலம் தோலில் பட்டால் முதலுதவியாகப் பூசும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பை மேசை மேல் எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி இருந்தால் கேளுங்கள்.