தேயாத ஒலியில் ஓர் இரங்கல்

அவையோர்க்கு வணக்கம்.

1849 அக்டோபர் 17 அன்று பாரிஸில் மறைந்த போலந்து இசையமைப்பாளர் ஷோப்பானுக்கு, அம்மாதம் 30ஆம் நாள் மாட்லேன் தேவாலயத்தில் இறுதி வழிபாடு நடந்தபோது, அங்கே ஆர்கன் என்னும் குழாய்க் கருவியை வாசித்து வந்த லெஃபெப்யூர் வெலி, ஷோப்பானின் ஈ மைனர், பி மைனர் பிரெலூடுகள் என்னும் சிறு பியானோ இசைகளை அந்தக் கருவியில் வாசித்தார். வாழ்நாளெல்லாம் பெரும்பாலும் பியானோவுக்கே எழுதிய மனிதருக்கு விடைகொடுத்தது காற்றுக்கருவி. இவற்றுள் ஈ மைனர் பிரெலூடைப் பிற்காலத்தில் இசையமைப்பாளர் லிஸ்ட்டும் ஆர்கனுக்கு மாற்றி எழுதினார். அந்தப் பிரெலூடை ஆர்கனில் வாசிப்பது பற்றியே பேச விரும்புகிறேன்.

மொத்தம் 25 பார்கள்தாம். ஆவர்த்தனம் என்று வைத்துக்கொண்டாலும் பிழையில்லை. வலக்கை ஒரே சுரத்தில் நின்று, அடுத்த சுரத்தைத் தொட்டு, மீண்டும் பழைய இடத்துக்கே வந்து விழுகிறது. இடக்கையோ மூன்று சுரங்களைச் சேர்த்து ஒரு பாருக்கு எட்டு முறை தட்டிக்கொண்டே, அவற்றுள் ஒன்றை இப்போது, மற்றொன்றைச் சற்றுப் பொறுத்து என அரைச்சுரம் அரைச்சுரமாகக் கீழிறக்குகிறது.

பியானோவின் ஒலி, வீணைத் தந்தியின் ஒலியைப் போல, பிறந்த கணத்திலேயே தேயத் தொடங்கிவிடும். அந்தத் தேய்மானத்தை ஈடுசெய்யத்தான் இடக்கை ஓயாமல் தட்டுகிறது. கட்டையை அழுத்தியிருக்கும் வரை குறையாமல் ஒலிக்கும் ஆர்கனில் இத்தேவையே இல்லை. அப்படியே தட்டினால் கதவைத் தட்டுவது போலிருக்கும். எனவே மாறாத சுரங்களைப் பிடித்த பிடியில் நிறுத்திவிட்டு, இறங்கும் விரலை மட்டும் நகர்த்துவதே தக்கது என்பேன். பியானோவில் தட்டலுக்குள் மறைந்திருந்த அச்சரிவு, அப்போது ஒவ்வொரு படியாகக் காதில் விழும்.

இழப்பும் உண்டு. 17ஆம் பாரில் ஷோப்பான் உரத்து ஒலிக்கச் சொல்கிறார். பியானோ கலைஞர் விரலின் எடையாலேயே அங்கே விம்முகிறார். ஆர்கனில் விரலை எவ்வளவு அழுத்தினாலும் ஒலி கூடாது. புதிய குழாய் வரிசைகளைத் திறந்து ஆரவாரம் செய்வோர் உண்டு. எனக்கு அது சாவு வீட்டில் அறிவிப்புப் பலகை மாட்டுவதாகப் படுகிறது. குழாய்களை அடைத்திருக்கும் பெட்டியின் பலகைகளைக் காலால் மெல்லத் திறந்தாலே போதும்.

இறுதி மூன்று கூட்டுச்சுரங்களுக்கு முன்னே ஒரு நிறுத்தம் வருகிறது. பியானோவில் அந்த மௌனம் ஏற்கெனவே மங்கிவிட்ட ஒலியின் தொடர்ச்சி. ஆர்கனிலோ விரலை எடுத்ததும் குழாய் சட்டென வாயடைத்துப் போகும். ஆனால் மாட்லேன் போன்ற உயர்ந்த கல்மண்டபத்தில் எதிரொலி உடனே விடாது. ஆகவே அங்கே வாசிப்பவர் தாளத்தை எண்ணாமல், கடைசி எதிரொலி கூரையில் கரையும் வரை கைகளை மடியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். அதன் பின்னரே, அதுவரை தொடாதிருந்த ஆழ்ந்த ஒலி தரும் 16 அடிக் குழாய்களைக் காலால் அழுத்தும் கட்டைகளில் சேர்த்து, அந்த மூன்றையும் மெல்ல ஒலிக்க வேண்டும்.