பழநிக்குப் பிள்ளைகளோடு: கேமரா கீழே, நாங்கள் மேலே

வணக்கம் சொந்தங்களே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மலைக்கோயில் காட்சி எதுவும் இந்தக் காணொளியில் இருக்காது. 2023 அக்டோபரிலிருந்து பழநி மலைக்கோயிலுக்குள் கைப்பேசிக்கும் கேமராவுக்கும் அனுமதியில்லை. அடிவாரத்திலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் போனோம். காணொளி எடுத்துப் பிழைக்கிறவள் சொல்லக் கூடாத பேச்சுதான்; ஆனாலும் அந்தத் தடை எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு கைக்கும் இரண்டு பிள்ளைகள், கணக்குச் சரியாகிவிட்டது.

கிளம்பும்போது அத்தை கேட்டார்: "மூன்று வயதுப் பிள்ளைக்கு என்னம்மா ஞாபகம் இருக்கப் போகிறது? கொஞ்சம் வளரட்டுமே." உங்களில் பலர் வீட்டிலும் இதே கேள்வி எழுந்திருக்கும்.

பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டியதும் மகளுக்கு ஞானப்பழக் கதையைச் சொன்னேன். நாரதர் பழம் கொண்டுவந்தது, உலகத்தை முதலில் சுற்றி வருபவருக்கே பழம் என்றது, முருகன் மயிலேறிப் பறந்தது, பிள்ளையார் அம்மா அப்பாவைச் சுற்றி வந்து பழத்தை வாங்கிக்கொண்டது. அவள் கேட்டாள், "இரண்டாக வெட்டிக் கொடுத்திருக்கலாமே அம்மா?" முன் இருக்கைப் பெரியவர் திரும்பி, "அதை வெட்டக் கூடாதாம் கண்ணு" என்றார். அவளுக்கு அது நியாயமாகப் படவில்லை. இரண்டு பிள்ளை பெற்ற எனக்கும்தான்.

யோசித்துப் பாருங்கள். வீட்டோடு இருந்த பிள்ளைக்குப் பழம் கிடைத்தது. ஊர் சுற்றி வந்த பிள்ளை கோபித்துக்கொண்டு மலையேறி நின்றது. அத்தை பக்கம்தான் கதை சாய்கிறது! ஆனால் தோற்றுவிட்டு வந்து நின்ற அந்தப் பிள்ளையைப் பார்க்கத்தானே இத்தனை சனமும் காவடி தூக்கிக்கொண்டு வருகிறது? பெற்றவர்களே சமாதானம் சொல்லப் பின்னால் வந்தார்களாம். அடம்பிடித்து வீட்டைவிட்டு வந்த குழந்தையின் சந்நிதியில், வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டால் திரும்பி முறைப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அவனுக்குத் தெரியாத அழுகையா!

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் அடிவாரத்துத் திருஆவினன்குடிக்குப் போங்கள். மூன்றாம் படைவீடு அதுதான், படியேற வேண்டியதில்லை. அங்கே முருகன் மயில்மேல் அமர்ந்த குழந்தை. மலைக்கு 693 படி. முடியாதவர்களுக்குத் தண்டவாளத்தில் கம்பியால் இழுக்கும் விஞ்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது. காற்று பலமானால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள், அதையே நம்பிப் போகாதீர்கள்.

சின்னவனுக்கு முடி இறக்கினோம். 2021 முதல் அறநிலையத் துறைக் கோயில்களில் இதற்குக் கட்டணம் இல்லை. அப்பா மடியில் உட்கார்ந்தவன், தலையில் தண்ணீர் பட்டதுமே ஆரம்பித்துவிட்டான். முடி இறக்குபவர் ஒரு வார்த்தை பேசவில்லை; இரண்டு விரலால் அவன் தாடையைத் தாங்கிக்கொண்டு, அவன் மூச்சு வாங்கும் இடைவெளியில் மட்டும் கத்தியை ஓட்டினார். சந்தனம் பூசியதும் அழுகை சட்டென்று நின்றது. இரண்டு உள்ளங்கையாலும் தன் தலையைத் தடவினான். பிறகு எட்டி அப்பாவின் தலையையும் தடவிப் பார்த்து, அங்கே முடி இருப்பதில் பெருத்த ஏமாற்றம்.

சந்நிதியில் சில நொடிகள்தான். கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையாக மனதில் அடுக்கி வைத்திருந்தேன். மகள் என் தோளிலிருந்து சத்தமாக, "முருகா, உனக்குப் பழம் வேணுமா?" என்று கேட்டாள். அடுக்கியது அப்படியே நின்றுவிட்டது. அன்று எங்கள் குடும்பத்துக்கு அந்த வேண்டுதல் போதும் என்று தோன்றியது. சின்னவனுக்கு நினைவிருக்காது என்கிறார் அத்தை. சாமிக்கு இருக்குமே என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, பஞ்சாமிர்தம் கேட்டார்.

கொண்டுபோனோம். விருப்பாச்சி வாழையில், சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் செய்வது. 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒன்றே ஒன்று: டப்பாவைப் பஸ்ஸில் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.