தெரியுமா என்று கேட்காதீர்கள்

(கொருக்குப்பேட்டையில் பெற்றோர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கொருக்குப்பேட்டையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு வயல் வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் உங்களில் பலருக்கு மீஞ்சூர், பொன்னேரி பக்கம் சொந்தபந்தம் இருக்கிறது. லீவு விட்டதும் பிள்ளை கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி மாமா வீட்டுக்குப் போய்விடுவான். மே மாத லீவும் சொர்ணவாரி என்கிற நெல் பட்டமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். அங்கே அவனைச் சும்மா உட்கார வைப்பார்களா?

"டிராக்டர் ஓட்டத் தெரியுமாடா?" என்று மாமா கேட்பார். 15 வயதுப் பையன் எந்தக் காலத்தில் "தெரியாது மாமா" என்று சொல்லியிருக்கிறான்? பக்கத்தில் அத்தை மகள் வேறு நிற்பாள்.

வண்டி சேற்றில் சிக்கினால் பழகாதவன் கிளட்சைச் சட்டென்று விட்டு ஆக்சிலேட்டரைக் கொடுப்பான். பின்சக்கரம் சுற்ற முடியாமல் பிடித்துக்கொண்டால் இன்ஜினின் விசை முன்பக்கத்தைத் தூக்கிவிடும். வண்டி அப்படியே மல்லாக்கக் கவிழும், குதிக்க நேரம் இருக்காது. மட்கார்டில் தொற்றிக்கொண்டு வருகிற சின்னவனுக்கு ஒரு குலுக்கல் போதும், பெரிய சக்கரத்துக்கு அடியில் போய்விடுவான். வயலுக்குள் யார் லைசென்ஸ் கேட்கப்போகிறார்கள் என்பார்கள். 18 வயது என்பது போலீசுக்குப் பயந்து வைத்த கணக்கா?

அப்புறம் பூச்சிமருந்து. டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் இருக்கும். சிவப்பு கடும் விஷம். பச்சை குறைவு, ஆனால் அதுவும் விஷம்தான். ஸ்பிரேயர் முனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதுகிறார்களே, அதைப் பெரியவர்களைப் பார்த்துத்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறான். முதுகில் மாட்டிய டேங்க் கசிந்து சட்டை நனைந்தால் அந்த வெயிலுக்குச் சுகமாகக்கூட இருக்கும். மருந்து தோல் வழியாக உள்ளே இறங்குவது தெரியாது. கொஞ்ச நேரத்தில் தலை சுற்றும், வாந்தி வரும், எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். "வெயில் தாக்கிடுச்சு" என்று மோர் கொடுத்து நிழலில் படுக்க வைப்பார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, 108-ஐக் கூப்பிடுங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள், லேபிளைப் பார்த்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் என்ன சொல்கிறது? 2016-இல் திருத்தியபடி, 14 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்ப வேலையில் உதவலாம், அவ்வளவுதான். 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில் கூடாது.

"அப்போ பிள்ளை வேலையே கத்துக்க வேணாமா சார்?" என்று பின்னாலிருந்து ஓர் அம்மா கேட்கிறார். கத்துக்கட்டும்மா. நாற்று எடுத்துக் கொடுக்கட்டும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டட்டும். மாமாவுக்கு மட்டும் இன்றைக்கே ஒரு போன் போட்டுவிடுங்கள்: டிராக்டர் சாவியும் மருந்து டப்பாவும் அவன் கைக்குப் போகக் கூடாது, அவனே கேட்டாலும்.