சந்தேகங்களுக்கு விளக்கம்: அம்மா நினைவுக்கு எதுக்கு சைக்கிள்?

வணக்கம். இந்த வாரம் நிறைய கேள்வி வந்திருக்கு. ஆனா ஒரு கேள்வி மூணு நாளா என்னை விடவே இல்லை. அதனால இன்னிக்கு அது ஒண்ணுதான். மத்தவங்க பொறுத்துக்கணும்.

முன்னாடி ஒரு பேச்சுல, மருந்து ஆராய்ச்சியாளர் எல்லாப்ரகட சுப்பாராவ் பத்திச் சொன்னப்போ, அமெரிக்காவுல பாஸ்டன்ல புற்றுநோய்க்காக நிதி திரட்டுற ஜிம்மி ஃபண்டுக்கு வருஷாவருஷம் சைக்கிள் ஓட்டிப் பணம் சேர்க்கிறாங்கன்னு போறபோக்குல சொன்னேன், ஞாபகம் இருக்கும். அதைக் கேட்டுட்டு சேலத்துலேருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. "ஐயா, அம்மா புற்றுநோய்ல தவறி ஒரு வருஷம் ஆகப்போகுது. அவங்க நினைவா நாலு பேர் சைக்கிள்ல கிளம்பி, ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டலாம்னு இருக்கோம். சொந்தக்காரங்க, 'கையில இருக்கிறதைக் கொண்டுபோய்க் கட்டிட்டு வா, ஊர் ஊரா எதுக்குக் கேட்கணும்?'ங்கிறாங்க. சைக்கிள் மிதிக்கிறதுக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்?"

தம்பி, முதல்ல அந்தப் பாஸ்டன் கதையை முழுசாச் சொல்லிடறேன். பில்லி ஸ்டார்னு ஒருத்தர். 1974-ல அவரோட அம்மா மெலனோமாங்கிற தோல் புற்றுநோய்ல இறந்துபோறாங்க. அவர் அப்போ இருபதுகள்ல இருக்கிற பையன். ஆறு வருஷம் கழிச்சு, 1980-ல, 36 பேராச் சேர்ந்து மாசசூசெட்ஸ் மாநிலத்துல ஸ்பிரிங்ஃபீல்டுலேருந்து கடலுக்குள்ள கொக்கி மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிற கேப் காட் முனை, பிராவின்ஸ்டவுன் வரைக்கும் ரெண்டு நாள் மிதிச்சாங்க. 200 மைலுக்கும் மேல. சேர்ந்த பணம் 10,200 டாலர். பான்-மாஸ் சேலஞ்ச்னு பேரு. இன்னிக்கும் ஆகஸ்ட் முதல் வாரக் கடைசியில நடக்குது, ஆயிரக்கணக்கான பேர் ஓட்டறாங்க. 2024-ல மட்டும் 7.5 கோடி டாலர். ஆரம்பத்துலேருந்து சேர்ந்தது 100 கோடி டாலரைத் தாண்டிருச்சு. எல்லாம் ஜிம்மி ஃபண்டு வழியா டானா-ஃபார்பர் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்கு.

இப்போ உங்க சொந்தக்காரங்க கேட்ட கேள்விக்கு வரேன். எதுக்குக் கேட்கணும்?

மடிப்பிச்சை பத்தி நான் ஏற்கெனவே ரெண்டு பேச்சுல சொல்லியிருக்கேன். மறுபடியும் சொல்றேன், ஏன்னா இதுக்கு அதைவிட நல்ல பதில் எங்கிட்ட இல்லை. எங்க அத்தை வீட்டுல நெல் மண்டி. வசதிக்குக் குறைவில்லை. மாமா படுத்த படுக்கையானப்போ, அவர் எழுந்து நடந்தா மடிப்பிச்சை எடுத்து சமயபுரத்துக்கு நடந்து வரேன்னு அத்தை நேர்ந்துக்கிட்டாங்க. மாமா எழுந்திரிக்கலை. போயிட்டாரு. எல்லாரும் சொன்னாங்க, இனிமே அந்த நேர்த்திக்கடன் இல்லைன்னு. அத்தை கேட்கலை. வருஷம் திரும்பினதும் மஞ்சள் துணி கட்டிக்கிட்டு, முந்தானையை ஏந்திக்கிட்டு தெருவுல இறங்கிட்டாங்க. நான் சின்னப் பையன், கூடவே போனேன்.

ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு கைப்பிடி அரிசி, ஒரு நாணயம். ஆனா யாரும் போட்டுட்டு உடனே உள்ள போகலை. கருமார் வீட்டுப் பாட்டி, "உன் வீட்டுக்காரர் என் மக கல்யாணத்துக்கு ரெண்டு மூட்டை அரிசி அனுப்பினாரு, காசு வாங்கலை"ன்னு சொல்லிச்சு. அத்தைக்கு அது தெரியவே தெரியாது. வாசல்லயே உட்கார்ந்துட்டாங்க. இன்னொரு வீட்டுல அவர் யாரோடயோ சண்டை போட்ட கதை. அன்னிக்கு ஒரு நாள்ல, பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவரைப் பத்தி அத்தை புதுசா எவ்வளவோ கேட்டாங்க. பணத்தைக் கோயில் உண்டியல்ல போட்டிருந்தா இதுல ஒண்ணும் கிடைச்சிருக்காது.

தம்பி, சம்பந்தம் அங்கதான் இருக்கு. மிதிக்கிறது கேட்கிறதுக்காக. சும்மா போய் "எங்க அம்மா நினைவா பணம் குடுங்க"ன்னா வாய் வராது. "அம்மாவுக்காக இத்தனை கிலோமீட்டர் ஓட்டறேன்"னா வரும். கொடுக்கிறவருக்கும் கை நீளும். பாஸ்டன்ல ஓட்டறவங்க, இவ்வளவு திரட்டித் தரேன்னு வாக்குக் கொடுத்துத்தான் பேர் பதியறாங்க. குறைஞ்சா மீதியைத் தன் பையிலேருந்து கட்டணும். எங்க அத்தையோட நேர்த்திக்கடன் மாதிரியேதான்.

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பா அந்தப் பாஸ்டன்காரங்ககிட்டேருந்து கத்துக்கோங்க. ஓட்டறவங்க திரட்டின பணத்துல ஒரு டாலர்கூட டி-ஷர்ட்டுக்கோ சாப்பாட்டுக்கோ போறதில்லை. அந்தச் செலவுக்கு வேற வழியில பணம். நீங்களும் பேனர், மோர், பஞ்சர் எல்லாம் உங்க காசுலயே பாருங்க. மடியில விழுந்த அரிசியை வழியில பொங்கித் தின்னக்கூடாது.

இப்போ, நீங்க கேட்காத ஒண்ணு. இந்த ஜிம்மி ஃபண்டுக்கே வேர் நம்ம சென்னையில இருக்கு. சுப்பாராவ் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில படிச்சவரு. அவருடைய அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஸ்ப்ரூங்கிற நோய்ல, சில நாள் இடைவெளியில செத்துப்போனாங்க. சாப்பிட்டது உடம்புல ஒட்டாம ஆளை உருக்கிடுற நோய். இவரு பாஸ்டன் போய்ச் சேர்ந்து, ஆஸ்பத்திரியில ராத்திரி வேலை பார்த்துக்கிட்டே ஹார்வர்டுல படிச்சாரு. அப்புறம் லெடர்லிங்கிற மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடத்துல அவர் குழு ஃபோலிக் அமிலங்கிற வைட்டமினை உருவாக்கிச்சு. ஸ்ப்ரூவுக்குக் கொடுக்கிற மருந்துல அதுவும் ஒண்ணு! அண்ணன் தம்பியைக் கொண்டுபோனதுக்கு மருந்து. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைச்சுக்கும்.

அதே ஃபோலிக் அமிலத்தோட போலியா, உயிரணுவை ஏமாத்துற மாதிரி ஒரு பொருளை அந்தக் குழு செஞ்சு கொடுத்துச்சு. அமினோப்டெரின். பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தாரு. 10 பேருக்குக் கொஞ்ச காலத்துக்காவது நோய் தணிஞ்சுது. இது 1948 ஜூன்ல வெளிவந்த சேதி. அதுக்கு முந்தின மாசம்தான் ஃபார்பரோட நோயாளி, 12 வயசுப் பையன் ஒருத்தன், 'ஜிம்மி'ங்கிற பேர்ல ரேடியோவுல பேசினான். பேஸ்பால் பார்க்க அவனுக்கு ஒரு டெலிவிஷன் வேணும்னு சொல்லி நன்கொடை கேட்டாங்க. கேட்டது 20,000 டாலர், வந்தது ரெண்டு லட்சத்துக்கும் மேல. அந்தப் பையன் பேர்லதான் ஜிம்மி ஃபண்டு. அவன் பிழைச்சு 65 வயசு வரைக்கும் வாழ்ந்தான். சுப்பாராவ் அந்த ஆகஸ்ட்லயே போயிட்டாரு.

தம்பி, கிளம்புங்க. ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர்னு ஆரம்பிக்காதீங்க, நாப்பது போதும். வெயிலுக்கு முன்னாடி கிளம்பி, பத்து மணிக்கு நிழல்ல உட்காருங்க. கூட ஒரு நோட்டு எடுத்துட்டுப் போங்க. ஒரு பக்கம் யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு எழுதுங்க. எதிர்ப் பக்கத்துல, அம்மாவைப் பத்தி அவங்க என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க. திரும்பி வந்ததும் அந்த எதிர்ப் பக்கத்தை எனக்கும் படிக்கக் கொடுங்க.